எந்த ஊர்க் காய்ச்சல்

பத்திரிகையில் அண்ணனின் படம் நன்றாகத்தான் வந்திருந்தது. அண்ணி அதைப் படம் மேலே தெரியும்படி மடித்து மேசையில் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கம்போல அண்ணன் வீட்டுக்கு டீ குடிக்க வந்த சின்னவள் முதலில் படத்தைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தலைப்பைப் படித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

‘மலேரியாவைக் கொண்டுவந்தது வெளியூர்த் தொழிலாளர்களே: நகர சுகாதார அதிகாரி அறிவிப்பு.’

வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். நாற்பதைத் தாண்டி, காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. வெளியே அவள் மண்டல ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சியாளர். மலேரியா ஒட்டுண்ணியின் மரபணுவைப் படிப்பது அவள் வேலை. ஊரில் யாருக்குக் காய்ச்சல் கண்டாலும் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, தடித்த காகிதத்தில் உலர்த்தி அவளிடம் அனுப்புவார்கள். “கொசு எடுக்கிற ரத்தத்தைவிட எங்க நாத்தனார் எடுக்கிறதுதான் ஜாஸ்தி” என்று அண்ணி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

“என்னண்ணா இது?”

“எது?” அண்ணன் டீயை ஊதினான்.

“அவங்க கொண்டுவந்தாங்கன்னு நீ எப்படிச் சொன்ன? போன வாரம்தானே உனக்கு அறிக்கை அனுப்பினேன்? படிச்சியா இல்லையா?”

“படிச்சேன், படிச்சேன். நாலு பக்கம் கலர் கலராப் புள்ளி வச்சிருந்த. கண்ணு வலிச்சுது.”

“அந்தப் புள்ளிதான் விஷயமே! அவங்க எதையும் கொண்டுவரலை. இங்க வந்துதான் வாங்கியிருக்காங்க. நம்ம ஊர்க் கொசு, நம்ம ஊர்க் கிருமி.”

“மெல்லப் பேசு. பக்கத்து வீட்டுக்குக் கேக்கப் போவுது.”

“கேக்கட்டும்.”

அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு, சின்ன வயதில் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த அதே தொனியில் பேசினான். “இதோ பாரு. ஊரு முழுக்கக் காய்ச்சல். எல்லார் வாயும் என்னைத்தான் மெல்லுது. மொட்டை மாடித் தொட்டிக்கெல்லாம் மூடி போடுற வேலை அப்படியே கிடக்கு. எங்க துறை போட்டிருக்கணும், போடலை. அதை நானே போய்ச் சொல்ல முடியுமா? ஊர் வாயை அடைக்க ஏதாவது ஒண்ணு வேணும்ல?”

“அதுக்கு ஊமைப் பிள்ளையாப் பாத்துத் திருட்டுப் பட்டம் கட்டுவியா?”

“ரெண்டு மாசம் போனா எல்லாம் மறந்துடும்” என்றான் அண்ணன். சின்னவள் டீயைத் தொடாமல் எழுந்து போனாள். அவன் கெட்டவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பயந்தவன். பயந்தவன் கையில் முத்திரை இருந்தால் அது கெட்டவன் கையில் இருப்பதைவிட வேகமாகக் குத்தும்.

பழைய அரசு மருத்துவமனைக்குப் பின்னால் ஆறு மாடியில் மருத்துவமனைக்கே ஒரு புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதைக் கட்ட மலைக்கு அப்பாலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்திருந்தார்கள். மதிலோரம் தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்தார்கள். அவர்களில் பலருக்குக் காய்ச்சல் வந்தது உண்மை. அவர்கள் ஊர்ப்பக்கம் வருஷம் முழுக்க மலேரியா உண்டு என்பதும் உண்மை. இரண்டு உண்மையையும் ஒன்றாக முடிச்சுப்போட்டு ஒரு பொய்யைச் செய்துவிட்டார்கள்.

சின்னவள் பார்த்தது வேறு. மலைக்கு அப்பால் மலேரியா அதிகம் என்பதால், அங்கே ஒரே ஆளின் ரத்தத்தில் மூன்று நான்கு வகை ஒட்டுண்ணிகள் சேர்ந்து குடியிருக்கும். கொசு அத்தனையையும் ஒன்றாக உறிஞ்சும். கொசுவின் வயிற்றுக்குள் அவை ஒன்றோடொன்று கலந்து புதிது புதிதாகப் பிள்ளை பெறும். அந்த ஊர் ரத்தத்தைப் படித்தால் சந்தைக் கூட்டம்போல இருக்கும். ஒரு முகம்போல இன்னொரு முகம் இருக்காது. இந்த ஊரில் அப்படி இல்லை. இங்கே காய்ச்சல் குறைவாகவே இருந்துவந்ததால், கொசுவுக்கு ஒரு நேரத்தில் ஒரே வகைதான் கிடைக்கும். அது தனக்குத்தானே சம்பந்தம் பேசிக்கொண்டு, தன்னைப்போலவே பிள்ளை பெற்றுக்கொண்டு, அச்சில் வார்த்ததுபோல ஒரே குடும்பமாகப் பெருகியிருந்தது. தொழிலாளர்கள் கொண்டுவந்திருந்தால் ஊரெங்கும் சந்தைக் கூட்டம் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததோ அந்த ஒரே குடும்பம். கொட்டகைக்காரன் ரத்தத்திலும் அதுதான், கடைவீதி வியாபாரி ரத்தத்திலும் அதுதான். புதுக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டுவதற்கும் முந்தைய காலத்து ரத்தத் துளிகள் ஆய்வுக்கூடத்தின் உறைபெட்டியில் இருந்தன. அவற்றிலும் அதே குடும்பம் உட்கார்ந்திருந்தது.

“நம்ம வீட்டுத் திண்டாட்டத்தை அடுத்தவன் தலையில கட்டிட்டாங்க” என்று ஆய்வுக்கூடத்தில் அவள் பொரிந்தாள்.

“பொறுமையா இருங்க மேடம்” என்றார் தொழில்நுட்பர். எதற்கெடுத்தாலும் அதையே சொல்வதால் அவருக்கு அங்கே ‘பொறுமை’ என்றே பெயர். “அதிகாரிங்க கிட்ட நேரா மோதக்கூடாது. முறையா இன்னொரு தடவை எழுதிப் போடுவோம்.”

எழுதிப் போட்டார்கள். பதில் வரவில்லை. பத்திரிகைச் செய்திக்கு மட்டும் கைகால் முளைத்தது. கடைக்காரர்கள் கொட்டகை ஆட்களுக்குச் சாமான் தர மறுத்தார்கள். பேருந்தில் அவர்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அந்த வாரமே, ரத்த மாதிரிகளை வாங்க மருத்துவமனைக்குப் போன சின்னவள் வாசலில் ஒரு கூச்சலைக் கேட்டாள். சிமெண்ட் படிந்த சட்டையோடு ஒரு கொத்தனார் காவலாளியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் தோளில் சாய்ந்து நின்றவள் அவர் மனைவி, அதே கட்டடத்தில் சித்தாள் வேலை பார்ப்பவள். நிறைமாதத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று பார்த்தவுடன் தெரிந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

“கொட்டகை ஆளுங்களுக்கு இங்க இல்லைங்க. அவங்க ஊருக்குப் போய்ப் பாத்துக்கணும்னு உத்தரவு” என்றான் காவலாளி, அவள் கண்ணைப் பார்க்காமல்.

“யாரு போட்ட உத்தரவு?”

“சுகாதார அதிகாரிங்க மேடம்.”

கொத்தனார் அவள் பக்கம் திரும்பினார். பேச்சில் மலைப்பக்கத்து இழுப்பு இருந்தது. “நேத்தும் வந்தோம்மா. முந்தா நாளும் வந்தோம். கேட்டுலயே திருப்பி அனுப்பிட்டாங்க. இந்த ஆஸ்பத்திரியோட புதுக் கட்டடத்துக்கு அஞ்சாவது மாடி வரைக்கும் நான்தான்மா செங்கல் வச்சிருக்கேன். உள்ள போயி ஒரு கட்டில்ல படுக்க எங்களுக்கு வழி இல்லையா?”

சின்னவள் சித்தாளின் இடுப்பைச் சுற்றிக் கை போட்டு, காவலாளியைத் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். வெளிநோயாளிப் பிரிவில் இருந்த நர்ஸ் வாய் திறக்கும் முன், “உத்தரவுன்னு ஒரு வார்த்தை சொன்னா இங்கயே கத்துவேன்” என்றாள். நர்ஸ் நல்லவள். சக்கர நாற்காலியை அவளே தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள்.

கட்டில் கிடைத்தது. மருந்தும் ஏறியது. ஆனால் தள்ளிப்போன நாட்களை மருந்து திருப்பித் தராது. மறுநாள் சித்தாள் பிழைத்துக்கொண்டாள். வயிற்றிலிருந்த பெண் குழந்தை பிழைக்கவில்லை.

ரத்த முடிவு வந்த பிறகு சின்னவள் போனபோது சித்தாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டில் காலடியில் கொத்தனார் தரையில் உட்கார்ந்திருந்தார். சின்னவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். சித்தாள் திரும்பாமலே கேட்டாள்.

“அக்கா, நாங்கதான் கொண்டாந்தோம்னு எல்லாரும் சொல்றாங்களே. நெசமா?”

“இல்லம்மா. நீங்க கொண்டுவரலை. இங்கதான் உங்களுக்கு ஒட்டுச்சு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“உன் ரத்தத்தைப் பாத்தேன். உனக்குள்ள இருக்கிறது உங்க ஊருக் கிருமி இல்லை. இந்த ஊருது.”

சித்தாள் இந்தப் பக்கம் திரும்பினாள். “அப்ப எங்களைக் கெடுத்தவங்களே எங்களை வெரட்டுறாங்களா?” என்றாள்.

அதற்குப் பிறகு சின்னவள் முறையாக எழுதிப் போடுவதை விட்டாள். நகராட்சிப் பொதுக்கூட்டம் வந்தது. கொட்டகைகளை அகற்றுவதா வேண்டாமா என்பதுதான் அன்றைய பேச்சு. மின்விசிறிகள் கடகடத்த அந்தக் கூடத்தில் தலைவர் நடுவில், அண்ணன் அவருக்கு வலப்பக்கம். சின்னவள் கேளாமலே எழுந்து ஒலிவாங்கியைப் பிடித்தாள். பாட்டி கதை சொல்வதுபோல எளிதாகச் சொன்னாள்: சந்தைக் கூட்டம், ஒரே குடும்பம், உறைபெட்டியில் இருந்த பழைய ரத்தம், மூடியில்லாத தொட்டிகள். தொட்டி என்ற சொல் வந்ததும் தலைவர் தண்ணீர் குடித்தார். கூட்டத்தில் சிலர் தலையாட்டத் தொடங்கினார்கள்.

அப்போது அண்ணன் எழுந்தான்.

“ஒரே ஒரு கேள்வி. வந்தவங்க ரத்தத்துல வெளியூர்க் கிருமி ஒண்ணுகூட இல்லைன்னு உங்களால சொல்ல முடியுமா?”

அறிக்கையை அவன் நன்றாகவே படித்திருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றுகூட இல்லை என்று சொன்னால் போதும். கூடம் அவள் பக்கம் வந்துவிடும். ஆனால் அது பொய்.

“சொல்ல முடியாது. மூணு பேர் ரத்தத்துல இருந்துச்சு” என்றாள்.

கூடம் தேன்கூட்டில் கல் விழுந்ததுபோல இரைந்தது.

“முழுசாக் கேளுங்க! அந்த மூணும் அவங்களோடயே நின்னுபோச்சு. ஒருத்தருக்கும் பரவலை. ஊரெல்லாம் பரவினது அத்தனையும் நம்மோடது. நம்ம தொட்டியில பொறந்த கொசு சுமந்து…”

“மேடமே ஒத்துக்கிட்டாங்க” என்றார் தலைவர் மலர்ந்த முகத்தோடு. “வெளியூர்க் கிருமி இருக்கு. வேற என்ன வேணும்? அடுத்த விஷயத்துக்குப் போவோம்.”

யாரோ ஒலிவாங்கியை அணைத்தார்கள். அவள் வெறும் தொண்டையால் கத்தினாள். “அடுத்த விஷயமா? ஒரு குழந்தை செத்துருக்கு! உங்க உத்தரவால செத்துருக்கு!” அவள் அண்ணனைப் பார்த்துத்தான் கத்தினாள். அவன் மேசை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும், கூட வந்திருந்த தொழில்நுட்பர் செருப்பைத் தரையில் அறைந்து போட்டுக்கொண்டார். “பொறுமையாவது மண்ணாவது!” என்றார்.

மண் அள்ளும் இயந்திரம் மறுநாளே வந்தது. தகரம் மடங்கும் சத்தம் மருத்துவமனை வார்டு வரைக்கும் கேட்டது. அடுப்பு, பாய், பிள்ளைகளின் புத்தகப் பை எல்லாம் லாரியில் ஏறின. பாதிப் பேருக்கு மாத்திரை முடியவில்லை. சின்னவளும் அந்த நர்ஸும் லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு, காய்ச்சல் கண்டவர்களைத் தேடித் தேடி மாத்திரை அட்டையைக் கையில் திணித்தார்கள். கொடுத்து முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

தூரத்தில் நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த அண்ணனிடம் அவள் நேராகப் போனாள். “நீ நோயாளிய அனுப்பலை, நோயை அனுப்புற. நம்ம ஊரு ஒட்டுண்ணியை லாரி ஏத்தி அவங்க ஊருக்கு அனுப்பி வைக்கிற. எழுதி வச்சுக்கோ.”

“வீட்டுல பேசிக்கலாம்” என்றான் அவன்.

“உன் வீட்டுக்கு இனி எதுக்கு வரணும்?”

ஆனால் போக வேண்டி வந்தது. தொழிலாளர்கள் போன பிறகு காய்ச்சல் குறையும் என்று ஊரே காத்திருந்தது. மழை பெய்தது, தொட்டிகள் நிறைந்தன, காய்ச்சல் குறையவில்லை, கூடியது. தலைவரின் மைத்துனர் படுத்தார். வங்கி மேலாளர் படுத்தார். ஒருநாள் மதியம் அண்ணனே தொலைபேசியில் அழைத்தான். “அண்ணிக்கு முடியலைம்மா” என்றான். குரல் உடைந்திருந்தது.

அண்ணி போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தபோது, அந்த நிலையிலும் “உன் ஆசை தீர்ந்துச்சா?” என்று கேட்டாள். சிரிக்கத் தெம்பில்லை. பிறகு தலையைத் திருப்பிக் கணவனைப் பார்த்தாள். “ஏங்க, நான் இந்த வீட்டு வாசல் தாண்டி ஒரு மாசம் ஆகுது. வெளியூர்க்காரன் ஒருத்தனும் இந்தத் தெருவுல இல்லை. எனக்கு யாரு வந்து குடுத்தான்னு கொஞ்சம் பத்திரிகையில சொல்லுங்களேன்.”

அண்ணன் எழுந்து ஜன்னலுக்குப் போய் நின்றான். அங்கிருந்து பார்த்தால் எதிர்வீட்டு மாடித் தொட்டி தெரியும். அதற்கு மூடி இல்லை.

அண்ணி தேறினாள். அவள் ரத்தத்தில் இருந்ததும் அந்த ஒரே குடும்பம்தான். சின்னவள் இந்த முறை அண்ணனுக்கு அனுப்பவில்லை. எல்லா முடிவுகளையும் சேர்த்துத் தலைமை இயக்குநரகத்துக்கு அனுப்பினாள், மலைக்கு அப்பாலிருந்த ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பினாள். இயக்குநரகத்துக்கு முன்னால் மலைக்கு அப்பாலிருந்துதான் பதில் வந்தது. அங்கே ஆராய்ச்சி செய்யும் பெண் தொலைபேசியில் பேசினாள். சுற்றி வளைக்கவில்லை.

“உங்க ஊர்க் குடும்பம் எங்க ஊர்ல குடியேறிடுச்சுங்க. திரும்பி வந்த ஆளுங்க தெருவுல மட்டும்தான் இப்போதைக்கு. எங்க ஊர்க் கிருமியோட இன்னும் கலக்கலை. சீக்கிரம் வந்தா ரெண்டு பேரும் சேர்ந்து தடுக்கலாம்.”

அந்தச் செய்திதான் இயக்குநரகத்தை அசைத்தது. மேலதிகாரி ஒருவர் வந்து மாடி மாடியாக ஏறிப் பார்த்தார். உத்தரவு ரத்தானது. தொட்டிகளுக்கு மூடி வந்தது. அண்ணனைக் கிடங்குப் பொறுப்புக்கு மாற்றினார்கள். தலைவரை யாரும் எங்கும் மாற்றவில்லை. “அறிவியல் வளருது, நாங்களும் கூடவே வளருறோம்” என்று அவர் பேட்டி கொடுத்தார். தொழிலாளர்களிடம் மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எவர் வாயிலும் வரவில்லை. மாறுதல் உத்தரவை வாங்கிய அன்று அண்ணன் ஆய்வுக்கூடத்துக்கு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான். “தப்புதான்” என்றான்.

“என்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் பிள்ளையப் பறிகொடுக்கலையே.”

அவன் தலை குனிந்தபடி போனான். அவள் தடுக்கவில்லை. இரக்கம் வந்தது, கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த வாரம் சின்னவள் மலைக்கு அப்பால் போனாள். திரும்பி வந்தவர்களின் தெருவில் ஒரு பள்ளிக்கூட அறையை ஒழித்து ரத்தம் எடுக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். தொலைபேசியில் பேசிய பெண் ஒரு பக்கம், சின்னவள் ஒரு பக்கம். வரிசையில் பாதி முகங்கள் தெரிந்த முகங்கள். யாரும் சிரிக்கவில்லை. சித்தாள் வந்து உட்கார்ந்து விரலை நீட்டினாள். மெலிந்திருந்தாள்.

“அங்க தப்புன்னு ஒத்துக்கிட்டாங்களா?” என்று கேட்டாள்.

“உத்தரவை எடுத்துட்டாங்க. தப்புன்னு வாயால சொல்லலை.”

“ம்.” சித்தாள் பஞ்சை விரலில் அழுத்திக்கொண்டாள். “இங்கயும் அதே கதைதான்க்கா. எங்க தெருவுல இப்படிக் காய்ச்சல் ஒருசேர வந்ததே இல்லை. எங்க மாமியார் நாள் முழுக்கத் திட்டுறா. போன இடத்துல புள்ளையத் தொலைச்சுட்டு காய்ச்சலைக் கட்டிக்கிட்டு வந்தியேன்னு. அங்க நாங்க கொண்டாந்தோம்னாங்க. இங்கயும் நான்தான் கொண்டாந்தேன்னா, நான் எந்த ஊருக்குத்தான் போறது?”

சின்னவள் ஊசியைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

“உங்க வீடு எது?”

“இதோ, திரும்பினா மூணாவது.”

இரண்டு பேரும் நடந்தார்கள். வரிசையில் நின்றவர்களில் சிலர் பின்னால் வந்தார்கள், கொத்தனாரும் வந்தார். வாசலில் துணி உதறிக்கொண்டிருந்த மாமியார் இவ்வளவு பேரைப் பார்த்துத் திகைத்துப்போய் நின்றாள்.

“அம்மா, நான் அந்த ஊர்லேர்ந்து வர்றேன்” என்று சின்னவள் தொடங்கினாள். “உங்க மருமக மேல ஒரு தப்பும் இல்லை. எங்க ஊர்ல நாங்க தொட்டியை மூடாம விட்டதால…”

“சத்தமாச் சொல்லுங்கக்கா” என்றாள் சித்தாள். “அக்கம்பக்கத்துக்கும் கேக்கட்டும்.”

சின்னவள் தெருவின் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலிலிருந்து, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.